குழாய்த் தண்ணீருக்கு ஒரு நன்றியுரை

பொதுக் கூட்டங்களில் நான் நன்றியுரை சொல்வதில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் என்றால் ஊரில் யார் கூட்டம் போட்டாலும் கடைசியில் நாலு வார்த்தை பேசக் கூப்பிடுவார்கள். தலைமை தாங்கச் சொன்னால் போவேன். பரிசு கொடுக்கச் சொன்னாலும் போவேன். நன்றியுரை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். தலைக்கனம் பிடித்த கிழவன் என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசிக்கொள்ளட்டும்.

போன மாதம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். விடுமுறையில் ஏதோ ஒரு தோட்டத்தில் தங்கிச் சேவை செய்யப் போகிறார்கள். அதில் சேர விரும்பும் மாணவர்களுக்காக அச்சடித்த தாள் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார்கள். கிழவனிடம் ஒரு ஆசி வாங்கிப் போகலாம் என்று வந்தவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "நீங்க அங்க இருக்கிற நாளெல்லாம் உங்களுக்கு யாரு சமைக்கப் போறா?"

ஒரு பெண்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னாள். "அங்க உள்ள அம்மாமாரே ஆக்கித் தாறோம்னு சொல்லிட்டாங்க சேர். அவ்வளவு அன்பு."

தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பேராதனையில் படிக்கப் போனபோது எங்கள் தோட்டத்திலிருந்து அங்கே போன முதல் ஆள். தோட்டத்துக்கு ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம், அதற்கப்புறம் நடை. அப்பா நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கொழுந்து பறித்தாள். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு இருந்தது ஒரு காம்பிரா. ஒற்றை அறை, முன்னால் கொஞ்சம் தாழ்வாரம், புகை படிந்த தகரம். அந்தக் காம்பிராவும் அம்மாவின் பேரில்தான் இருந்தது. தோட்டத்தில் பேர் இருக்கும்வரை கூரை உண்டு. பேரை வெட்டிவிட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாய்ப்பாலோடு குடித்த விஷயம்.

அம்மாவுக்கு வலது முழங்கால் சரியில்லை. மழைக்காலத்தில் மலையில் சறுக்கி விழுந்ததில் வந்தது. பறிக்கும் கைக்கு ஒரு குறையும் இல்லை. நடைதான் மெதுவாகிவிட்டது. எங்கள் லயத்துக்குத் தண்ணீர் கீழே ஓடையோரத்துப் பீலியிலிருந்து வரவேண்டும். மூங்கிலைப் பிளந்து வைத்த தாரை, அதன்கீழ் வரிசையாகக் குடங்கள். அங்கிருந்து லயத்துக்கு ஏற மண்ணில் வெட்டிய அறுபத்துச் சொச்சம் படிகள். விடிவதற்கு முன்னால் இரண்டு நடை ஏறி இறங்கி, அடுப்பு மூட்டி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். பெரட்டில் பேர் வாசித்து, ஆளை மலைக்குப் பிரித்துவிட்ட பிறகு வந்து நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மாவை அந்த வருடம் பல தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள். இனியும் இப்படியென்றால் பேரை வெட்டிவிடுவேன் என்று மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொல்லிவிட்டார். விடுமுறைக்கு வந்தபோது பக்கத்துக் காம்பிரா அக்கா எனக்கு இதைச் சொன்னார். அம்மா சொல்லவில்லை.

அதனால்தான் பேராதனையில் எங்கள் சேவைக் குழு, 'இந்த விடுமுறைக்கு எங்கே போகலாம்?' என்று கேட்டபோது நான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். அப்போது சிரமதானம் என்ற சொல் எல்லார் வாயிலும் இருந்தது. ரோடு போடலாம், கிணறு வெட்டலாம், கக்கூஸ் கட்டலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரலாம் என்று நான் சொன்னேன். ஏழைத் தொழிலாளர், சுகாதாரம், முன்னேற்றம் என்று நன்றாகவே பேசினேன். என் அம்மாவின் முழங்காலைப் பற்றிப் பேசவில்லை. அது சுயநலம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

குழுவின் தலைவர் விவசாயம் படித்த யாழ்ப்பாணத்து மாணவர். கெட்டிக்காரர், கள்ளமில்லாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு வந்து மலை முழுக்க ஏறி இறங்கினார். லயத்துக்கு மேலே, பாறை இடுக்கில் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது. அங்கே சின்னத் தொட்டி கட்டி, குழாயை மண்ணுக்குள் பதித்து இறக்கினால் தண்ணீர் தானாக வந்துவிடும் என்றார். தோட்டத்துத் தொரை பங்களாவில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பழைய குழாய்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஹட்டனில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், "தண்ணிக்குன்னா புண்ணியம் தம்பி" என்று புதுப் பித்தளைக் குழாய்வாய் ஒன்றை இனாமாகத் தந்தார். எல்லாம் கைகூடி வந்தது. இப்படி எல்லாம் கைகூடி வந்தால் எனக்கு இன்றைக்கும் பயம்தான்.

பன்னிரண்டு பேர் போனோம். பாதிப் பேர் சிங்கள நண்பர்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் படுத்துக்கொண்டோம். ஆறு நாள் வேலை. திங்கள் தொடங்கிச் சனிக்கிழமை குழாயைத் திறந்துவைப்பது என்று ஏற்பாடு.

சாப்பாட்டுக்கு ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிச் சமாளிக்கலாம் என்றுதான் பேசியிருந்தோம். அம்மாவிடம் இதைச் சொன்னதுதான் தாமதம், கோபம் வந்துவிட்டது.

"நம்ம லயத்துக்குத் தண்ணி கொண்டாரப் பெரிய படிப்புப் படிக்கிற புள்ளைங்க வந்திருக்காங்க. அதுகள வாழப்பழம் திங்க விடுறதா? ஊரு என்னயக் காறித் துப்பாதா? நான் ஆக்கிப் போடுறேன். நீ போயி வேலயப் பாரு."

எனக்குப் பெருமையாக இருந்தது. வேலைக்குப் போகிற பொம்பளை பன்னிரண்டு பேருக்கு எப்படி ஆக்கிப்போடுவாள் என்று அந்தப் பெருமையில் யோசிக்கவில்லை.

வேலை ஒன்றும் கதைகளில் வருவது மாதிரி இல்லை. முதல்நாள் மத்தியானத்துக்குள் உள்ளங்கை எல்லாம் கொப்புளம். மம்மட்டி பிடிக்கத் தெரியாதவர்கள் பாறையோடு மல்லுக்கட்டினோம். நானும் லயத்துப் பிள்ளைதான், ஆனால் சின்ன வயதிலேயே ஹட்டனில் தங்கிப் படிக்கப் போனவன். என் கையும் மற்றவர்கள் கையைப் போலத்தான் இருந்தது. இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. குழாய் பதிக்க வெட்டிய கானில் சேறு நிறைந்து, மறுபடி வெட்டினோம். சாயங்காலம் ஆனால் ஆளுக்கு ஒரு படி சேறு. குளிரில் பல் அடித்துக்கொள்ள லயத்துக்கு வந்தால் அம்மா வெந்நீர் போட்டு வைத்திருப்பாள். பன்னிரண்டு பேர் குளிக்க வெந்நீர். பன்னிரண்டு பேருக்குச் சோறு, பருப்பு, சம்பல். தேத்தண்ணி எத்தனை வேளை என்று கணக்கே இல்லை. அவ்வளவு தண்ணீரும் அந்த அறுபது படிகள் ஏறித்தான் வந்தது. நாங்கள் தண்ணீர் கொண்டுவந்த அந்த ஆறு நாளில் சுமந்ததுபோல் அம்மா ஜென்மத்தில் தண்ணீர் சுமந்திருக்க மாட்டாள்.

புதன்கிழமை காலை பத்து மணியிருக்கும். ஆணி எடுக்க லயத்துக்கு இறங்கி வந்தேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கூடை சுவரில் தொங்கியது.

"மலைக்குப் போகலியா அம்மா?"

"லீவு சொல்லியிருக்கேன். ஆறு நாளக்கி."

"கண்டாக்கையா ஒண்ணும் சொல்லலியா?"

"என்னாத்தச் சொல்லுவாரு? தோட்டத்து வேலதானே நடக்குது. ஆணிய எடுத்துக்கிட்டுப் போ."

நம்பினேன். அசதியில் இருக்கிறவனுக்கு நம்புவதுதான் சுலபம். மேலே ஏறிப் போய், எங்கள் அம்மா நமக்காக லீவு போட்டிருக்கிறார் என்று எல்லாரிடமும் சொன்னேன். யாழ்ப்பாணத்து நண்பர் மம்மட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். கண்கலங்கிவிட்டது அவருக்கு.

"மச்சான், உம்மட அம்மாவுக்கு எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்ல. சனிக்கிழமை கூட்டத்தில நன்றியுரை நீர்தான் சொல்லவேணும். அம்மாவைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேணும்."

சனிக்கிழமை மத்தியானம் மழை விட்டிருந்தது. லயத்துக்கு முன்னால் சவுக்குக் கொப்பு நட்டுக் காகிதத் தோரணம் கட்டினோம். தொரையும் தொரைசானியும் காரில் வந்து இறங்கினார்கள். கண்டாக்கையாவும் எங்கள் பிரிவுக் கணக்கப்பிள்ளையும் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். கணக்கப்பிள்ளை ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ கக்கத்தில் ஒரு குடை இருக்கும். பெரட்டில் பேர் வாசிப்பவரும் திருப்பி அனுப்புபவரும் அவர்தான். அதனால் லயத்தில் அவருக்கு நல்ல பேர் கிடையாது.

தொரைசானி குழாயைத் திருகினாள். முதலில் வெறும் காற்று இருமியது. பிறகு செம்மண் தண்ணீர். பிறகு கண்ணாடி மாதிரித் தண்ணீர். பெண்கள் குலவை போட்டார்கள். முதல் குடத்தை அம்மாவிடம்தான் கொடுத்தார்கள். அவள் இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். ஒரு செம்பில் பிடித்து அண்ணாந்து குடித்துவிட்டு, "சில்லுனு இருக்கு" என்றாள்.

கூட்டத்தின் கடைசியில் நான் எழுந்தேன். தொரைக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று ஆங்கிலத்தில் பேசினேன். தொரைக்கு நன்றி, தொழிற்சாலைக்கு நன்றி, ஹட்டன் கடைக்காரருக்கு நன்றி. பிறகு அம்மாவைக் கைகாட்டினேன். இதோ நிற்பவர் என் தாய் என்றேன். வேலையை உயிராக நினைக்கிற இவர், உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருந்தும், எங்கள் பன்னிரண்டு பேருக்கும் சமைத்துப்போடுவதற்காகத் தன் விருப்பத்தோடு ஆறு நாளும் மலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார் என்றேன். உடம்புக்குக் குறையில்லை என்பதை அழுத்திச் சொன்னேன். முழங்காலைப் பார்த்துத் தொரை அவளைக் கிழவி என்று நினைத்துவிடக் கூடாதே என்ற புத்திசாலித்தனம். நண்பர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். கணக்கப்பிள்ளை இருமினார். மறுபடி இருமினார். சளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்த ஆறு நாளையும் இன்னொரு தடவை வேறு வார்த்தைகளில் சொன்னேன்.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. தன்னைக் கைகாட்டி மகன் இங்கிலீசு பேசுகிறான், தொரை தன்னைத் திரும்பிப் பார்க்கிறார், அவ்வளவுதான் விளங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தொரை கண்டாக்கையாவிடம் குனிந்து ஏதோ கேட்டார். கண்டாக்கையா கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

கார் போனபிறகு அவர் என்னை லயத்துக் கோடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"என்னா தம்பி, இப்பிடிப் பண்ணிட்டீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். திங்கட்கிழமை அம்மா விடியற்காலையில் எங்களுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடியிருக்கிறாள். பேர் வாசித்து முடிந்துவிட்டது. கண்டாக்கையா பக்கத்தில் நின்றதால் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. மறுநாள் அம்மா வரவே இல்லை. இன்னும் நாலு நாள் இப்படி என்றால் பேர் போய்விடும். அவர் லயத்துப் பக்கம் வந்து பார்த்திருக்கிறார். சோற்றுப் பானையைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது.

"காய்ச்சல்னு எழுதிக்கிறேன், மலப் பக்கம் தல காட்டாதன்னு சொன்னேன். சொகமில்லாதவங்க பட்டியல் அன்னாடம் தொரை மேசைக்குப் போகுது தம்பி. அதுல உங்கம்மா பேரு இருக்கு. நீங்க என்னான்னா, ஒடம்பு நல்லாத்தான் இருந்துச்சுன்னு தொரைகிட்டயே சொல்றீங்க. எத்தன தடவ இருமுனேன்!"

லீவு என்று அம்மா சொன்னாளே என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "கொழுந்து அடிச்சு வர்ற காலத்துல ஆறு நாளு லீவு யாருக்குங்க குடுப்பாங்க?" என்றார். இந்தக் கேள்வி லயத்தில் பிறந்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பேராதனையில் உட்கார்ந்து அது எனக்கு மறந்துபோயிருந்தது.

திங்கட்கிழமை நண்பர்களை அனுப்பிவிட்டு நான் மட்டும் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். தொரை கோபப்படவில்லை. பொய் சொல்லி வேலைக்கு வராத ஆளை வைத்துக்கொண்டால் நாளைக்கு எல்லாரும் அதையே செய்வார்கள், அவ்வளவுதான் என்றார். நான் கெஞ்சினேன். என் அம்மா பொய் சொல்லவில்லை, தவறு என்னுடையது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு இதைச் சொன்னது நீதானே?" என்றார். அம்மாவின் பேர் வெட்டப்பட்டது. மாத முடிவுக்குள் காம்பிராவைக் காலி செய்ய வேண்டும். கணக்கப்பிள்ளைக்குக் கடிதத்தில் எச்சரிக்கை கிடைத்தது.

யார் சொல்லித் தொரைக்குத் தெரிந்தது என்று அம்மா ஒரே ஒரு நாள்தான் யோசித்தாள். காய்ச்சல் என்று எழுதிய சங்கதி அவளுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் மட்டும்தான் தெரியும். இரண்டில் ஒன்று போனால் மிச்சம் என்ன? "எழுதுன கையே காட்டிக் குடுத்துருச்சு" என்றாள். காட்டிக்கொடுத்தது நான்தான் என்று இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். மூட்டை கட்டும் வேலை இருந்தது. சித்திக்கு ஆள் அனுப்பும் வேலை இருந்தது. உண்மையில் எனக்குப் பயம். மகன் பேசிய இங்கிலீசை நினைத்து அவள் ராப்பகலாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பிடுங்க எனக்குத் தைரியம் இல்லை.

நாங்கள் புறப்பட்ட அன்று காலை பெரட்டு முடிந்த நேரம். கணக்கப்பிள்ளை தம் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அம்மா தலைச்சுமையை இறக்கி வைத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து இரண்டு கை நிறைய மண்ணை அள்ளினாள்.

"என் அடுப்ப அவிச்சவன் அடுப்பு எரியக்கூடாது! என்னய நடக்கவிட்டவன் நடமாடக்கூடாது!"

மூன்று தடவை மண்ணைத் தூற்றினாள். அவருடைய வெள்ளை வேட்டியில் செம்மண் தெறித்தது. உள்ளே அவர் மனைவி அலறும் சத்தம் கேட்டது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. 'உன் மகன் சொன்னான்' என்று மூன்று சொல் போதும். அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார் என்றே நினைக்கிறேன். பிறகு வேட்டியைத் தட்டிவிட்டு, குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

அம்மா கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்தில் சித்தி வீட்டில் இருந்தாள். அங்கேயும் பீலிதான், அங்கேயும் படிகள்தான். நான் படித்து முடித்து, கினிகத்தேனையில் வாத்தியார் வேலை கிடைத்து, வாடகை வீடு பிடித்து அவளைக் கூட்டிவர நாலு வருடம் ஆயிற்று. அந்த வீட்டு முற்றத்தில் ஒரு குழாய் இருந்தது. அம்மா அதைத் திருகும்போதெல்லாம் கணக்கப்பிள்ளையைத் திட்டுவாள். கடமை மாதிரி, சாமி கும்பிடுவது மாதிரித் திட்டுவாள். கேட்டுக் கேட்டு நான் சலித்துப்போனேன். அவரைத் திட்டும் ஒவ்வொரு சொல்லும் எனக்கு வரவேண்டியது. அது வழியிலேயே வேறு விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய லயத்து அக்கா எங்களைப் பார்க்க வந்திருந்தார். பேச்சுவாக்கில் சொன்னார், கணக்கப்பிள்ளைக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம். மூன்று மாதமாகப் படுக்கையில்தானாம். வாசலுக்குக்கூட நடமாட்டம் இல்லையாம்.

அக்கா போனபிறகு அம்மா முற்றத்தில் குழாயடியில் நின்றாள். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. களைத்துப்போனவள் மாதிரித்தான் இருந்தாள்.

"நான் தூத்துன மண்ணு சும்மா விடல பாத்தியா" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். குழாய் திறந்த அன்று தொரை முன்னால் இங்கிலீசில் நான் என்ன பேசினேன் என்று வார்த்தை வார்த்தையாகத் தமிழில் சொன்னேன். ஆறு நாளும் உடம்பு நன்றாக இருந்தது என்று சொன்னதையும், அவர் இருமியதையும், ஆபீசில் தொரை சொன்னதையும் சொன்னேன். இத்தனை வருடமாகச் சொல்ல முடியாதது ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் குழாயை இறுக்க மூடினாள். சொட்டு நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

"அப்ப இந்தக் கை தூத்துன மண்ணு யாரு மேலப்பா விழுந்துச்சு?"

அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி படியேறி உள்ளே போனாள். பெட்டியைத் திறந்து அந்த ஒரே நல்ல சேலையை வெளியே எடுத்து வைத்தாள்.

"நாளைக்கி மொத பஸ்ஸுல என்னய ஏத்தி விடு. அவரு வீட்டுக்குப் போகணும்" என்றாள்.

நானும் வருகிறேன் என்று எழுந்தேன்.

"வேணாம். நீ வந்தா எதாச்சும் பேசுவ."